சந்தனமாரி விட்டுப்போன சூடு

செண்பகம் மினிபஸ்ஸின் ஜன்னலோரத்து மூன்றாவது சீட்டில் ஒரு சித்திரை மாதக் காலையில் ஏறிய சூடு தை பிறந்த பிறகும் ஆறாமல் இருந்தது என்று நீங்கள் ஆத்திவிளையில் போய்ச் சொன்னால் யாரும் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள், ஆமாம், அதில் நான்கூடத் தயிர் உறைய வைத்திருக்கிறேன் என்பார்கள். சூடு யாருடையது என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். அது சந்தனமாரியுடையது. ஆனால் அது தெரிவதற்குள் ஒரு கோடை முழுசும் மழைக்காலத்தில் பாதியும் போய்விட்டன, அதற்குக் காரணம் எங்கள் பக்கத்து ஆட்களின் ஒரு பழக்கம்தான்.

ஒருவர் எழுந்துபோன இடத்தில் நாங்கள் உடனே உட்கார மாட்டோம். பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் பிதுங்கினாலும், கால் எவ்வளவு கடுத்தாலும், காலியான இடத்துக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்று, சீட்டைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, துண்டால் விசிறி, ஆறட்டும் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லி, அது ஆறிய பிறகே உட்காருவோம். அடுத்தவர் உட்கார்ந்த சூடு நம் உடம்பில் ஏறினால் கட்டி வரும், மூலம் வரும், கண் எரியும், நினைத்துப் பார்க்காத இடத்திலெல்லாம் கொப்புளம் வரும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் அவருக்காக மனதுக்குள் வருத்தப்படுவோமே தவிர, எடுத்துச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மாட்டோம்.

சந்தனமாரி அளத்தில் உப்பு வாருகிறவள். ஆத்திவிளையில் முதல் பஸ் ஏறி, எப்போதும் அந்த மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து, உப்பளங்கள் தொடங்குகிற மேட்டளம் நிறுத்தத்தில் இறங்குவாள். புருஷன் தவசிமுத்து லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். மகள் இசக்கிக்கு நான்கு வயது, அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்து அவள் இடுப்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டால்தான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும். அந்தச் சித்திரைக் காலையிலும் பிள்ளையின் காலை மெதுவாக எடுத்து வைத்துவிட்டு வந்த அரைத் தூக்கத்தில் சந்தனமாரி ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். மேட்டளம் வந்து, பஸ் நின்று, மறுபடி நகரத் தொடங்கிய பிறகுதான் கண்டக்டர் கொம்பையா அவளைக் கவனித்துச் சத்தம் போட்டார், தூக்குச்சட்டியை வாரிக்கொண்டு அவள் எழுந்து ஓடிய வேகத்தில் அவளுடைய சூடு எழுந்திருக்க மறந்துவிட்டது. செண்பகத்தில் குடையை மறந்து இறங்குகிறவர்கள் தினமும் உண்டு, செருப்பை மறந்தவர்கள் உண்டு, ஒருவர் கூட வந்த மாமியாரையே மறந்து இறங்கியிருக்கிறார். அன்று ஒருத்தி தன் சூட்டை மறந்து இறங்கினாள்.

மீன்கூடையோடு நின்றிருந்த ஒரு பெண்தான் முதலில் அந்த சீட்டைத் தொட்டுப் பார்த்து, ஆறட்டும் என்றாள். டவுன் பஸ் ஸ்டாண்டு வந்தது, ஆறவில்லை. திரும்புகால் வண்டியில் ஏறியவர்கள் தட்டிப் பார்த்தார்கள், விசிறிப் பார்த்தார்கள், ஆறட்டும் ஆறட்டும் என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள், ஆறவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து ஏறிய சந்தனமாரி தன் வழக்கமான இடம் காலியாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை வைத்தாள், வைத்த கையை எடுத்தாள், இவ்வளவு நேரம் யார் உட்கார்ந்திருந்தது என்று கொம்பையாவிடம் கேட்டாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தவர் சூடு நமக்கெதற்கு என்று அவள் அந்த சீட்டின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும் அப்படித்தான், தன் சூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அது ஆறுவதற்காக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

டிரைவர் எஸ்தாக்கு பொறுமையான மனிதர், வண்டியில் எந்தக் குறை வந்தாலும் அது தன்னுடைய குறை என்று நினைப்பவர். எஞ்சின் சூடுதான் எங்கேயோ சுற்றி இங்கே வருகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் முன்னால் இருந்தது, சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டம் விடியற்காலையில் தொட்டால் சில்லென்று இருந்தது, மேலே ரெக்ஸின் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. ரெக்ஸினை மாற்றினார்கள், சூடு புது ரெக்ஸினில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு ஆள் இடத்தில் விட்டுப்போன சூடுதான், ஆனால் அதற்குள் பக்கத்து இடத்துக்கும் பரவி இருவர் சீட்டு முழுவதையும் பிடித்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தினமும் அதில் போகிற நர்ஸம்மா ஒருநாள் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து சீட்டில் படுக்க வைத்து, அடுத்த நிறுத்தம் வரை காத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காய்ச்சல் ஒன்றும் இல்லை, நல்ல ஆரோக்கியமான உடம்பு என்றார். யாருடைய உடம்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சீட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. ஆரோக்கியமான ஒருவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நாம் எப்படி உட்காருவது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு தடவை குடித்துவிட்டு ஏறிய ஒரு ஆள் யார் சொல்லியும் கேட்காமல் அதில் உட்கார்ந்தான், இரண்டு நிறுத்தம் வரை பாட்டுப் பாடினான், மூன்றாவது நிறுத்தத்தில் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து, யாரோ மடியில் வைத்திருந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்து போய்விட்டான்.

மரியாதை ஒரு பக்கம் இருக்க, உபயோகமும் ஒரு பக்கம் வளர்ந்தது, எங்கள் ஆட்கள் எதையும் சும்மா இருக்க விடமாட்டார்கள். வெறும் எவர்சில்வர் டம்ளரை அதில் வைத்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும், அதே இடத்தில் ஒரு குடம் தண்ணீரை வைத்தால் டவுனுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பாதிதான் ஏறியிருக்கும், ஆனால் டம்ளரோ குடமோ எதுவானாலும் உடம்புச் சூட்டுக்கு மேலே ஒரு இம்மிகூட அது கொடுக்காது. பாலில் உறை ஊற்றி ஆத்திவிளையில் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கிக்கொண்டால் கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர் இருக்கும். இட்லி மாவு பொங்கியது. ஒருத்தி முட்டைகளைத் துணியில் பொதிந்து வைத்து, தினமும் மறக்காமல் திருப்பி வைத்தாள், ஒருநாள் பனங்காட்டு வளைவில் வண்டி திரும்பும்போது குஞ்சுகள் பொரித்துக் கீச்சுக் கீச்சென்று கத்தின, ஏறும்போது முட்டைக்கு லக்கேஜ் போட்ட கொம்பையா இறங்கும்போது குஞ்சுக்கு டிக்கெட் கேட்டார், அந்தச் சண்டை வாரக்கணக்கில் ஓடியது.

இதெல்லாம் பஸ்ஸில் நடந்தது. வீட்டில் நடந்தது வேறு.

சீட்டு சூடாக இருந்த அன்றிலிருந்தே சந்தனமாரியின் உடம்பு குளிர்ந்துவிட்டது. வெயில் கொளுத்துகிற அளத்தில் அவளுக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. கத்திரி வெயிலில் தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் அவள் முடியில் மார்கழி மாதத்து எண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்தது. சாப்பிடும்போது சோற்றில் விட்ட நெய் அவள் விரல் பட்ட இடத்தில் கட்டியானது. முதல் வாரம் தவசிமுத்து தூக்கத்தில் கையை நீட்டி, தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிட்டதாக நினைத்து எழுந்து பார்த்து, பக்கத்தில் அவள் படுத்திருப்பதைக் கண்டு, அவள் மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. குளிர்ந்த மூச்சு.

கேட்டவர்கள் எல்லோரும் குளிர்ச்சி உடம்பு என்றார்கள். மோரை நிறுத்து, வெள்ளரிக்காயைத் தொடாதே, சூடு ஏற்றுகிறதைச் சாப்பிடு என்றார்கள். அவள் கருவாடு தின்றாள், எள்ளுருண்டை தின்றாள், பப்பாளியைத் தின்றாள், நாட்டுக்கோழியை மிளகில் மூழ்கடித்துத் தின்றாள், சுக்கும் திப்பிலியும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்துக் கண்ணில் நீர் வழிய நின்றாள், அந்தக் கண்ணீரும் குளிர்ந்தே வழிந்தது. சீட்டைப் பற்றிய புகார் கண்டக்டரிடம் போயிற்று, உடம்பைப் பற்றிய புகார் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை.

கோடையில் அவளுக்கு ஒரு ராஜ மரியாதை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அளத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், கஞ்சிச் சட்டியையும் மோர்ச் சட்டியையும் அவள் முதுகில் சாய்த்து வைத்தார்கள், வெயிலில் மயங்கி விழுந்தவளைத் தூக்கி அவள் மடியில் போட்டார்கள். இங்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பாடம் படிக்காமலே தெரியும். காலை வெயில் ஏறியதும் வரப்பு மண் காலைச் சுட்டுவிடும், ஒரு அடி தள்ளிப் பாத்தித் தண்ணீர் இன்னும் குளிர்ந்து கிடக்கும். பொழுது விழுந்ததும் மண் வெயிலை மறந்துவிடும், தண்ணீர் மட்டும் வெதுவெதுவென்று அந்தப் பகலை விடாமல் வைத்திருக்கும். மனிதர்களிலும் மண் உண்டு, தண்ணீர் உண்டு என்பார்கள் எங்கள் பெண்கள், தவசிமுத்துவை மண் என்பார்கள், விறுவிறுவென்று கோபம் வரும், வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடும். சந்தனமாரி தண்ணீர், எதுவும் அவளுக்குள் சீக்கிரம் ஏறாது, ஏறியது சீக்கிரம் இறங்காது. அதனால்தான் அவள் விட்டுப்போன சூடும் அத்தனை மாதம் தாங்கியது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள், அது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குத் தெரியாது.

அளத்தில் ராணியாக இருந்தவள் வீட்டில் இசக்கிக்கு ஆகாதவளாகிவிட்டாள். முதல் நாள் பிள்ளை வழக்கம்போல வயிற்றில் முகத்தை வைத்து, உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அம்மாவை வெறித்துப் பார்த்தாள். மறுநாளும் முயன்று பார்த்தாள், பல் கிட்டித்தது. அப்புறம் அப்பாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், தலை வாரினால் தோளைக் குறுக்கிக்கொள்வாள், தூக்க வந்தால் ஓடிவிடுவாள். தன் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு பிள்ளையைத் தொடப் பழகினாள் சந்தனமாரி, பிறகு அதையும் விட்டாள். கஷாயம் குடித்ததெல்லாம் தன் உடம்புக்காக அல்ல, அந்த ஒரு சின்னக் கால் மறுபடி தன் இடுப்பில் வந்து விழ வேண்டும் என்பதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. அந்த ஏக்கத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மகளைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் எல்லாம் வெள்ளத்தில் கரைந்து, அளத்து வேலை நின்று, பெண்கள் டவுனில் உப்புப் பாக்கெட் போடுகிற ஷெட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். கோடையில் அவளை நெருக்கி உட்கார்ந்தவர்கள் இப்போது ஈரச் சேலையோடு அவளிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, மழையில் யார் குளிரைக் கட்டிப்பிடிப்பார்கள். அந்த மழையில் ஒருநாள் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து பிரகாசி என்ற பெண் செண்பகத்தில் ஏறினாள். புருஷன் கேரளாப் பக்கம் மீன்பிடிக்கப் போயிருந்தான். எட்டு மாதம் நிறைவதற்குள் பிறந்துவிட்ட அவள் பையன் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் இன்னொரு கால் பாக்கெட்டும் சேர்ந்த எடைதான் இருந்தான். பிள்ளைக்குச் சூடு நிற்காது, நெஞ்சோடு அணைத்தே வைத்திரு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் நிறைய ரத்தம் போய் அவளே நடுங்கிக்கொண்டிருந்தாள், அணைத்துக்கொள்ள அவளிடம் சூடு எங்கே இருந்தது. நிற்க முடியாமல் அவள் தள்ளாடியபோது நர்ஸம்மா அந்தத் துணி மூட்டையை வாங்கி, வண்டியில் காலியாக இருந்த ஒரே இடத்தில், மூன்றாவது சீட்டில் வைத்தார்.

ஆத்திவிளை வருவதற்குள் பையனின் உதட்டிலிருந்த நீலம் போயிருந்தது. பிரகாசி அன்று இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. காலையிலிருந்து கடைசி வண்டி வரை செண்பகம் போன இடமெல்லாம் பிரகாசியும் பிள்ளையும் போனார்கள், ராத்திரி வண்டி நின்றதும் அதிலேயே படுத்தார்கள், வண்டி நிற்கிற இடத்தில் எஸ்தாக்குவின் மனைவி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள், கொம்பையா அவளிடம் டிக்கெட் கேட்பதையே மறந்துவிட்டவர் மாதிரி நடந்துகொண்டார். எஸ்தாக்கு பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை நிறுத்தி இறக்கி, மாட்டுவண்டி முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார், வேலைக்குத் தாமதமானவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை. தயிர்ச் சட்டிகளும் மாவுச் சட்டிகளும் சொல்லாமலே நின்றுபோயின. பெண்கள் ஏறும்போது எட்டிப் பார்த்து, பால் குடித்தானா என்று கேட்டு, குடித்தான் என்றால்தான் போய் நின்றார்கள்.

கார்த்திகையில் ஒரு பெருமழைக்குப் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள். தவசிமுத்து லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். இசக்கியை வீட்டில் விட ஆள் இல்லாமல் சந்தனமாரி அவளை ஷெட்டுக்கே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. பிள்ளை அம்மாவின் கையைப் பிடிக்காமல், தூக்குச்சட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் கூட்டத்தில் கால்களுக்கு நடுவே புகுந்து முன்னே போய், எங்கள் பழக்கம் எதுவும் தெரியாத வயது என்பதால், சூடு ஆறட்டும் என்று நிற்காமல் மூன்றாவது சீட்டில் ஏறி, அந்தக் குட்டிப் பையனுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து படுத்து, ரெக்ஸினில் கன்னத்தை வைத்து, சீட்டின் முதுகில் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். யாரோ அவளைத் தூக்கப் போனார்கள்.

"தூக்காதீங்க," என்றாள் இசக்கி. "இது எங்கம்மா. எங்கம்மா இங்கனதான் இருக்கா."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மாதக்கணக்கில் தூங்காதவள் தூங்குகிற தூக்கம் அது, வாய் லேசாகத் திறந்து எச்சில் வழிந்தது. கொம்பையா டிக்கெட் கட்டைக் கையில் வைத்தபடி அந்தச் சித்திரைக் காலையை யோசித்துப் பார்த்தார், அந்த இடத்திலிருந்து கடைசியாக எழுந்து ஓடியவள் யார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது, அவர் திரும்பிச் சந்தனமாரியைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். வேர்க்காத வேர்வையும், உறைந்த எண்ணெயும், ஆறாத சீட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் விளங்கியது. எதிர் சீட்டில் இருந்த நர்ஸம்மா எழுந்து நின்று, எதற்கென்று தெரியாமல் கும்பிட்டார்.

உட்கார் உட்கார் என்று நாலா பக்கமும் சொன்னார்கள். உன் சூடுதானே, உட்கார்ந்தால் உனக்கு வந்துவிடும், உன் பிள்ளை உனக்கு வந்துவிடுவாள் என்றார்கள். பிரகாசி பையனைத் துணியோடு எடுத்து நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டு, சீட்டை விட்டு விலகிக் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் நடுங்குவது கம்பியில் தெரிந்தது. அதே கம்பியைத்தான் சந்தனமாரியும் பிடித்திருந்தாள்.

சந்தனமாரி தூங்குகிற மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், பஸ் பனங்காட்டு வளைவைத் தாண்டும் வரை பார்த்தாள். அவளுக்கு அந்த சீட்டில் விழுந்து புரள வேண்டும் போல இருந்தது, அதைப் பிற்பாடு அவளே சொன்னாள், ஒரு கணம் அந்தப் பையன் யாரோ எவனோ என்றுதான் இருந்தது என்றும் சொன்னாள். பிறகு பிரகாசியின் தோளைத் தொடப் போய், தன் கையின் குளிர் நினைவு வந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"புள்ளைய சீட்டுல போடு," என்றாள். "மூணு பாக்கெட் எடை ஆவட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"எக்கா, உங்க புள்ளக்கி வேணுமே."

"அவளும் அங்கனயே படுத்துக்கிடட்டும். என் சூடுதான, எங்க போயிரப் போவுது."

இப்படி ஒரு ஏற்பாடு எந்த ஊரிலும் நடந்திருக்காது. கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க, ஒரு தாயின் சூட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்துக்கிடக்க, அந்தத் தாய் பக்கத்தில் குளிர்ந்துபோய் நின்றுகொண்டு வந்தாள். இசக்கி காலையில் தானாகவே எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பினாள், அம்மாட்ட போறேன் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினாள், அம்மா ஷெட்டில் இறங்கிய பிறகும் அவள் பிரகாசியோடு வண்டியிலேயே சுற்றினாள். சீட்டில் படுத்துக்கொண்டு, வழியில் பறித்த பூவை அதற்குச் சூட்டினாள், பால்வாடியில் யார் அடித்தார்கள் என்பதை அதனிடம் சொன்னாள், மேலே நிற்கிறவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மார்கழிப் பனியில் சந்தனமாரிக்கு விரல் மடங்கவில்லை, பாக்கெட் ஒட்டும்போது கூட இருந்தவர்கள் அவள் பங்கையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தார்கள், இப்போது அவளிடமிருந்து யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பயமாக இருந்தால் சீட்டைத் தொட்டுக்கொள் என்று நர்ஸம்மா சொன்னார். சந்தனமாரி தொடவில்லை, தொட்டால் எழுந்து வந்துவிடுமோ என்று அவளுக்கு பயம்.

தை பிறந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் பிரகாசி பையனோடு ஷெட்டுக்குள் வந்தாள். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கூடினார்கள். தட்டுத் தராசில் ஒரு பக்கம் மூன்று உப்புப் பாக்கெட்டை வைத்து, மறுபக்கம் துணி விரித்துப் பையனைப் படுக்க வைத்தார்கள். அவன் பக்கம் டங்கென்று இறங்கியது. அவன் உள்ளங்கால் தொட்டவர்களுக்குச் சுட்டது, ஒரு கைக்குழந்தை எப்படிச் சுட வேண்டுமோ அப்படிச் சுட்டது. சாயங்கால வண்டியில் பிரகாசி அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஏறினாள், சீட்டில் போடவில்லை.

"எக்கா, உக்காருங்க," என்றாள். "இனிமே அவன் சூட்ட அவன் பாத்துக்கிடுவான்."

எஸ்தாக்கு வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காதீர்கள், ஓட்டுங்கள் என்று சந்தனமாரி கேட்டுக்கொண்டாள். சீட்டில் ஒரு பாதியில் இசக்கி கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபாதியில், ஜன்னலோரத்தில், சந்தனமாரி மெதுவாக உட்கார்ந்தாள். முதல் நிறுத்தம் வரை ஒன்றும் நடக்கவில்லை, வெறும் பாத்திரமாக இருந்தால் இதற்குள் சுட்டிருக்கும், ஆனால் ஒரு மனுஷி முக்கால்வாசி தண்ணீர், அது ஏற நேரமாகும். இரண்டாவது நிறுத்தத்தில் தொடையில் ஒரு வெதுவெதுப்பு வந்தது. மேட்டளம் தாண்டும்போது வயிற்றுக்கு வந்தது, வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, அங்கிருந்து தோள் வழியாக விரல் விரலாக இறங்கியது, அவள் மேலுதட்டில் ஒரு சொட்டு வேர்வை பூத்தது. அதைப் பார்த்த பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அன்றைக்கு அழுகை வந்தது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வந்த சூடு போன சூட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான் என்று நர்ஸம்மா மறுநாள் அளந்து சொன்னார், மீதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அது பிரகாசியின் மடியில் கை காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குள் ஏற ஏற, சீட்டு ஆறிக்கொண்டே வந்தது. பனங்காட்டு வளைவில் அது முழுசாக ஆறி, எல்லா சீட்டையும் போல ஒரு சீட்டாகிவிட்டது. இசக்கி கண் விழித்தாள். கன்னத்தை அழுத்தி வைத்துப் பார்த்தாள், கையால் தடவிப் பார்த்தாள், எழுந்து உட்கார்ந்து ரெக்ஸினை இரண்டு கையாலும் தட்டினாள், உதடு பிதுங்கியது.

"எங்கம்மா போயிட்டா," என்று அழத் தொடங்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை நீளவில்லை. இத்தனை மாதம் தொடாமல் இருந்து பழகிய கை அது, தொட்டால் பிள்ளை இன்னொரு தடவை உதறிக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று மடியிலேயே கிடந்தது. பஸ்ஸில் எல்லோருக்கும் அவளைத் தொடு, தொடு என்று கத்த வேண்டும் போலிருந்தது. இசக்கி அழுது, மூக்கு ஒழுகி, அதைத் துடைக்கக் கிட்டக் கிடந்த சேலையை இழுத்தாள். இழுத்த கை சேலைக்குப் பின்னால் இருந்த வயிற்றில் பட்டது. அழுகை நின்றது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். உள்ளங்கையை வைத்தாள். பிறகு முகத்தை வைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, ஒரு காலைத் தூக்கி அவள் இடுப்பில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள்.

"எம்மா, நீ எப்ப வந்த?" என்று கேட்டாள்.

"இப்பத்தாம்மா," என்றாள் சந்தனமாரி. "இப்பத்தான் வந்தேன்."